பெருக்கல் வாய்ப்பாடு உலையைக் குளிர்விக்காது

அணு மின் நிலையங்களின் அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை முழுக்க ஒரு பெருக்கல் கணக்கின் மேல் நிற்கிறது. வெளி மின்சாரம் போவது அபூர்வம். போனாலும் டீசல் ஜெனரேட்டர் உண்டு. அது கிளம்பாமல் போவது நூற்றில் ஒரு தடவை என்றால், இரண்டாவதும் கிளம்பாமல் போவது பத்தாயிரத்தில் ஒன்று, மூன்றாவதும் என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. அதற்கு மேல் பேட்டரி வேறு இருக்கிறது. எனவே பயப்படுகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று முடிக்கிறார் கட்டுரையாளர்.

கணக்குத் தெரியாதவர் அவர்தான். நிகழ்தகவுகளை இப்படிப் பெருக்க வேண்டுமானால், ஒன்றின் பழுதுக்கும் அடுத்ததின் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தரும் இந்த நிபந்தனை அவர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. கதவுக்கு ஐந்து பூட்டுப் போட்டு, ஐந்து சாவியையும் வாசல் ஆணி ஒன்றிலேயே மாட்டிவைத்தால் அந்த வீட்டுக்கு ஒரு பூட்டின் காவல்கூட இல்லை.

ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தில் ஆறு உலைகளுக்குமாகச் சேர்த்து 13 அவசர டீசல்கள் இருந்தன. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு நிலம் அதிர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாக நின்றன. வெளி மின்சாரம் அறுந்தது, டீசல்கள் கிளம்பின. சுமார் ஐம்பது நிமிடம் கழித்து பெரிய சுனாமி அலை வந்தது. அதன் பிறகு மின்சாரம் தந்தது ஒரே ஒரு டீசல், ஆறாம் உலைக்குரியது. இரண்டாம், நான்காம் உலைகளுக்கு இருந்த காற்றால் குளிரும் டீசல்களில் தண்ணீர் ஏறவே இல்லை. ஆனால் அவை தரும் மின்சாரத்தை வாங்கிப் பிரித்தனுப்பும் பலகைகள் அடித்தளத்தில் இருந்தன, அவை மூழ்கின. எஞ்சின் நன்றாக இருந்தும் பம்புக்கு மின்சாரம் இல்லை. முதல் உலையிலும் இரண்டாம் உலையிலும் பேட்டரி மின்சாரமும் அந்த அலையோடு போனது.

உலை நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிடுகிறது என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். நிற்பது அணுப்பிளவு மட்டும்தான். பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். நின்ற கணத்தில் அது முழுத் திறனில் ஆறேழு சதவீதம், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவு. ஃபுகுஷிமாவின் முதல் உலைக்கு அந்த அரை சதவீதம் என்பது ஏறத்தாழ ஏழாயிரம் கிலோவாட். தண்ணீர் வற்றினால் எரிபொருள் கோலின் சிர்கோனிய உறை நீராவியோடு வினைபுரிந்து இன்னும் வெப்பத்தையும் ஹைட்ரஜனையும் தரும். மறுநாள் பிற்பகல் முதல் உலையின் கட்டடம் வெடித்தது அந்த ஹைட்ரஜனால்தான்.

அந்த முதல் உலையின் கதையைக் கட்டுரையாளர் ஒரு தடவையாவது முழுமையாகப் படித்திருக்க வேண்டும். அங்கே பம்பே தேவைப்படாத ஒரு குளிர்விப்பு ஏற்பாடு இருந்தது. நீராவி தானே மேலேறி, தண்ணீர்த் தொட்டிக்குள் செல்லும் குழாயில் குளிர்ந்து, நீராகி, தன் எடையால் உலைக்குத் திரும்பும். நிலநடுக்கத்துக்குப் பின் அது தானாகவே வேலை செய்தது. உலை அளவுக்கு மீறி வேகமாகக் குளிர்ந்ததால், விதிப்படி ஊழியர்கள் அதை நிறுத்தி நிறுத்தி இயக்கினார்கள். அலை வந்தபோது அது நிறுத்தப்பட்ட நிலையில் இருந்தது. அதோடு, கட்டுப்பாட்டு மின்சாரம் போனால் குழாய் உடைந்ததாகவே எடுத்துக்கொண்டு வால்வுகளை மூடும்படி அதன் தர்க்கம் அமைக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புக்கென்று எழுதப்பட்ட அந்த விதியே குளிர்விப்பின் வழியை அடைத்தது. பணியில் இருந்தவர்களில் யாருக்கும் அதற்கு முன் அதை நிஜமாக இயக்கிய அனுபவம் இல்லை. அவசரகாலத் தலைமையகத்தில் இருந்தவர்கள் அது ஓடிக்கொண்டிருப்பதாகவே நம்பினார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் உயிர்பெற்ற நீர்மட்டக் கருவி, எரிபொருளுக்கு மேல் இருபது சென்டிமீட்டர் தண்ணீர் இருப்பதாகக் காட்டியது. அது பொய். அப்போது உள்ளே எரிபொருள் உருகத் தொடங்கிவிட்டிருந்தது. தீயணைப்பு வண்டியால் முதல் தண்ணீர் உள்ளே போனபோது அதிகாலை நான்கு மணி. அந்த மனிதர்கள் தங்கள் கார்களின் பேட்டரிகளைக் கழற்றி வந்து கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்துப் போராடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை, மின்சாரம் நீண்ட நேரம் போகவே போகாது என்று காகிதத்தில் முடிவு செய்தவர்கள்மேல். மின்கம்பித் தடமோ அவசர மின்சாரமோ விரைவில் சரியாகிவிடும், எனவே நெடுநேர மின்தடையைக் கருத வேண்டியதில்லை என்று ஜப்பானின் அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி சொன்னது. நம் கட்டுரையாளரின் வாதமும் வரிக்கு வரி அதுதான்.

அலை எதிர்பாராதது என்ற சமாதானமும் எடுபடாது. 15.7 மீட்டர் வரை நீர் ஏறலாம் என்று ஃபுகுஷிமா நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனமே 2008இல் கணக்கிட்டு வைத்திருந்தது. அதே கடற்கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகே இருந்த ஒனகாவா நிலையம் உயரத்தில் கட்டப்பட்டதால் தப்பியது. ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு 2012இல் ஃபுகுஷிமா விபத்தை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே எழுதியது.

ஒரே காரணத்தால் எல்லாம் ஒருசேரப் பழுதாவது கடலே இல்லாத இடத்திலும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலை டர்பைனின் இரண்டு தகடுகள் முறிந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்கள் வழியே பரவியது. முதல் மின்வழிக்கும் மாற்று மின்வழிக்கும் உரிய கேபிள்கள் தடுப்பில்லாமல் சேர்ந்தே போயிருந்ததால் இரண்டும் கருகின. புகை சூழ்ந்த கட்டுப்பாட்டு அறையை விட்டு ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. சுமார் 17 மணி நேரம் நிலையம் இருட்டில் இருந்தது. உலையைக் காப்பாற்றியது டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளும், டார்ச் விளக்கோடு ஏறிப்போய் வால்வைத் திறந்த ஊழியர்களும். பெருக்கல் கணக்கில் அவர்களுக்கு இடமே கிடையாது.

கூடங்குளத்தில் மின்சாரமே வேண்டாத வெப்பநீக்க அமைப்பு இருக்கிறதே என்கிறார் கட்டுரையாளர். இருக்கிறது, நல்ல அமைப்பு. நீராவியை வெளிக்காற்றில் குளிரவைக்கும் அந்த ஏற்பாடு பழைய உலைகளில் இல்லாத பலம். ஆனால் அதுவும் குழாயும் வால்வும் கொண்டதுதான். அங்கே உலையின் மையத்தைக் குளிர்விக்கும் மற்றொரு மின்சாரம் வேண்டாத அமைப்பில், நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று 2013 ஏப்ரலில் சொன்னது போராட்டக்காரர்கள் அல்ல, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்தபோதே பதினைந்து உத்தரவுகளையும் சேர்த்து விதித்தது. கேள்வி கேட்டவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று விரட்டியிருந்தால் அவை எழுதப்பட்டே இருக்காது.

கட்டுரையாளர் மறுமொழி எழுதுவாரானால் நிகழ்தகவை விட்டுவிட்டு இவற்றுக்குப் பதில் சொல்லட்டும். நம் நிலையங்கள் ஒவ்வொன்றிலும் டீசலும், பேட்டரியும், மின்பகிர்வுப் பலகையும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கின்றன? இரு வழிக் கேபிள்களும் எங்காவது ஒரே அறைக்குள் நுழைகின்றனவா? கட்டுப்பாட்டு மின்சாரம் போனால் எந்த வால்வு திறந்து நிற்கும், எது மூடிக்கொள்ளும், மூடியதைக் கையால் திறக்க ஆள் எந்த வழியாகப் போக வேண்டும்? முழு மின்தடையை வைத்து இரவு ஷிப்ட் ஊழியர்கள் கடைசியாக எப்போது பயிற்சி செய்தார்கள், அதில் எது சொதப்பியது? இவற்றைக் கேட்டு வாங்கி அச்சில் போட்டால், அடுத்த இதழில் வாதத்தைத் தொடரலாம்.