பாசியைத் திட்டாதீங்க மக்களே!

போன சனிக்கிழமை ஆணி எதுவும் இல்லை. "இருட்டறதுக்குள்ள வீடு வந்து சேரணும்"னு தங்கமணி கண்டிஷன் போட்டு அனுப்ப, கயாக்கை வண்டி மேல கட்டிக்கிட்டு டோஹோ ஏரிக்குப் போயிட்டேன். ஃப்ளோரிடாவுல, ஆர்லாண்டோவுக்குத் தெற்கே கிஸ்ஸிமி ஊரை ஒட்டி இருக்கு. முழுப் பேரு டோஹோபெகலிகா. பாஸ் மீனுக்குப் பேர் போன ஏரி. (ஆபீஸ் பாஸ் இல்லீங்க, லார்ஜ்மவுத் பாஸ். நம்ம கொடுவாவும் இல்லை, இது நன்னீர் மீன்.) 2001 ஜனவரியில டீன் ரோஹாஸ்ங்கிறவர் இங்கே நடந்த போட்டியில ஒரே நாள்ல அஞ்சு மீன், மொத்தம் 45 பவுண்டு 2 அவுன்ஸ் பிடிச்சிருக்கார்.

படகுத்துறையில ஒரு பெரியவர் தன்னோட மோட்டார் படகு ப்ரொப்பெல்லர்ல சுத்தின பாசியைக் கத்தியால அறுத்துக்கிட்டே, "மருந்தடிச்சு இதை அடியோட ஒழிக்கணும்"னு புலம்பினார். நான் சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்லிடறேன்.

அந்தப் பாசி பேரு ஹைட்ரில்லா. ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல பீக்கர், புனல், சோதனைக்குழாய் வச்சு ஆக்ஸிஜன் குமிழி காட்டினாங்களே, அதே செடிதான். 1950கள்ல மீன்தொட்டி வியாபாரம் மூலமா இலங்கையிலேர்ந்து ஃப்ளோரிடா வந்து சேர்ந்ததாம். நம்ம பக்கத்து ஆளுங்கிறதுக்காக நான் பரிஞ்சு பேசலை :-)

இடுப்பளவு தண்ணியில குட்டி மீனெல்லாம் பாசிக்குள்ள ஒளியும். பாஸ் அந்த ஓரத்துல பதுங்கி நின்னு 'லபக்'னு பிடிக்கும். பெரிய படகு உள்ளே போனா சிக்கிக்கும். சில அங்குலத் தண்ணி போதும், கயாக் சத்தமில்லாம நுழைஞ்சிடும். ரப்பர் தவளையோட ரெண்டு கொக்கியும் முதுகை ஒட்டி மேல் நோக்கி இருக்கும், அதனால பாசியில மாட்டாது. மெதுவா இழுத்துட்டு வந்தா ஒரு இடத்துல 'டமார்'! மீன் பாசிக்குள்ள முங்கிடும். நாம அதை இழுக்கிறதா நினைப்போம், ஆனா கயாக்தான் மீனைப் பார்த்துப் போய்க்கிட்டு இருக்கும். கடைசியில ஒரு கூடை பாசியோட சேர்த்து அள்ளணும். பாசி இல்லைன்னா இந்தக் கூத்து எதுவுமே இல்லை.

அதுக்காக அப்படியே விட்டுடுன்னு சொல்லலை. ஏரி முழுக்க மூடினா ராத்திரியில ஆக்ஸிஜன் குறையும், வெள்ளத்தண்ணி வடியுற கால்வாய் அடைக்கும். ஆனா ஒரேயடியா மருந்தடிச்சா அழுகுற பாசியும் ஆக்ஸிஜனைத்தான் தின்னும். ஃப்ளூரிடோன் மருந்தையே திரும்பத் திரும்ப அடிச்சு, அதுக்குச் சாகாத ஹைட்ரில்லா வந்ததுதான் மிச்சம். மக்கள் கத்தினதால 2019 ஜனவரியில மாநில மீன்-வனவிலங்கு ஆணையம் மருந்தடிக்கிறதை நிறுத்தி வச்சு, எல்லார்கிட்டயும் கருத்துக் கேட்டுட்டு மார்ச்சுல மறுபடி ஆரம்பிச்சாங்க. என் கட்சி இதுதான்: படகு போற வழி, துறை, கால்வாய் இதெல்லாம் சுத்தமா இருக்கட்டும். மிச்சத்தை மீனுக்கு விட்டுடுங்க.

இவ்வளவு நியாயம் பேசிட்டு வீட்டுக்கு வந்து கயாக்கைக் கழுவினா, தண்ணி வடியுற ஓட்டையில விரல் நீளத்துக்கு ஒரு ஹைட்ரில்லா துண்டு. பகீர்னு ஆயிடுச்சு. ஒரு சின்னத் துண்டு போதும், புது ஏரியில வேர் பிடிச்சிடும். மறுநாள் வேற ஏரிக்குப் போறதா இருந்தேன். இதுக்கு முன்னாடி எத்தனை ஏரிக்கு இப்படிச் சுமந்துட்டுப் போனேனோ! பெரியவராவது வெட்டிக்கிட்டு இருந்தார், நான் பரப்பிக்கிட்டு இருந்திருக்கேன்.

இனிமே துறையிலேயே கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு ஓட்டையா பார்த்துட்டுத்தான் கிளம்புவேன். கயாக் வச்சிருக்கிற மக்களே, நீங்களும்.

டிஸ்கி: மீன் ரெண்டு கிடைச்சுது, ரெண்டையும் விட்டுட்டேன். "அப்போ வீட்டுக்குக் கொண்டு வந்தது வெறும் பாசிதானா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. பதில் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.