குடும்பப் பக்கம்: எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தை

"பேச்சில் கெட்டிக்காரன், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாயடைத்துப் போகிறான்" என்று வருந்தும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். சோம்பல் என்றெண்ணிப் பிரம்பை எடுப்போரும், 'மக்கு' என்று பட்டம் சூட்டுவோரும் உண்டு. இரண்டும் பிழையே.

பேச்சு, கேட்டுக் கேட்டுத் தானே வருவது. வாசிப்போ கற்பித்தால்தான் வரும். கண் காணும் வரிவடிவத்தையும் காது அறிந்த ஒலியையும் மூளை இணைத்தாக வேண்டும். இவற்றிற்குரிய பகுதிகள் மூளையில் வெவ்வேறிடங்களில் உள்ளன. நரம்பிழைகளே அவற்றிற்கிடையே பாதைகளாக அமைகின்றன. சில குழந்தைகளுக்கு, அறிவில் எக்குறையும் இல்லாதபோதும், இவ்விணைப்பு எளிதில் கைகூடுவதில்லை. 'கெ' என்னும் எழுத்தையே பாருங்கள். ஒலியில் 'க்' முந்தி, 'எ' பிந்தி; எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கிறது! நமக்குப் பழகிப்போன இவ்விந்தை, அக்குழந்தைக்குப் பெரும்புதிர்.

இப்பாதைகளைச் சீர்ப்படுத்த இயலுமா? அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார், வாசிப்பில் பின்தங்கிய எட்டு முதல் பத்து வயதுச் சிறுவர்க்கு 100 மணி நேரம் தனிப்பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். நரம்பிழைகளின் தன்மையே மேம்பட்டிருந்ததை 2009-இல் வெளியிட்டனர். நம் நாட்டில் லக்னோவை அடுத்த கிராமங்களில், எழுத்தறியாத வயது வந்தோர்க்கு ஆறு மாதம் வாசிப்புக் கற்பித்தபோதும் மூளையின் இணைப்புகளில் மாற்றம் காணப்பட்டது; அவ்வாய்வு 2017-இல் வெளியாயிற்று. விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பீங்கானை மீண்டும் குழைக்க இயலாது. மூளையோ அத்தகையதன்று.

ஆயினும், ஒரே பாடம் எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே பயனைத் தருவதில்லை. வாசிப்புக் குறைபாடுடைய சிறுவரை இரண்டரை ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. யார் முன்னேறுவர் என்பதை வழக்கமான வாசிப்புத் தேர்வுகளால் முன்னறிய முடியவில்லை. மூளைப் படங்களே குறிப்புக் காட்டின. எனவே, இன்றைய மதிப்பெண்ணைக் கொண்டு குழந்தையின் நாளையைத் தீர்ப்பிடுதல் நியாயமாகுமா?

வேப்பூரானாலும் வேற்றூரானாலும் பெற்றோர் செய்யத்தக்கவை சில உள. முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்தோறும் சிறிது நேரம், சொற்களை ஒலிகளாகப் பிரித்தும் சேர்த்தும் விளையாடுங்கள். மணலில் எழுத்தை வரைந்தவாறே அதன் ஒலியை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். பலன் தெரியாவிடில் ஆசிரியரோடு கலந்து முறையை மாற்றுங்கள். 1991-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கற்றல் குறைபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது. உரிய சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைக் கேட்டுப் பெறலாம்.

அனைத்திற்கும் மேலாக, அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். நேற்று இரண்டு சொல் வாசித்த குழந்தை இன்று மூன்று வாசித்தால், அதனைக் கண்டு வாயாரப் பாராட்டுங்கள்.