நெடும்பந்தயமும் நேரிய கண்டனமும்

ஒரு பொருளின்பால் அன்பு மிக்கோர்க்கு அதன் குறை எளிதிற் புலப்படுவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்னும் பழமொழியை அறியாதார் யார்? தாம் போற்றும் ஒன்றைப் பிறர் குறைகூறக் கேட்டால் வெகுள்வதும் மக்களுக்கு இயல்பே. ஆயினும், இகழ்ச்சி வேறு, கண்டனம் வேறு. அவ்விரண்டையும் பகுத்தறிந்து, முன்னதைப் புறக்கணித்துப் பின்னதற்குச் செவிசாய்த்தல் கற்றோர் கடனாகும். இவ்வேறுபாடு மறக்கப்பட்டமையால் மோட்டார் வண்டிப் பந்தய உலகில் எழுந்துள்ள பூசல் ஒன்றனைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம். நெடும்பந்தயத்தைக் குறைகூறும் பத்திரிகைகளுக்கும், அப்பத்திரிகைகளைச் சினந்து பேசும் ரசிகர்களுக்கும் இடையே நிகழ்வது அப்பூசல்.

நெடும்பந்தயமாவது யாது? குறித்த தூரத்தை எவ்வண்டி முதலிற் கடக்கும் என்று காண்பது சாதாரணப் பந்தயம். குறித்த காலத்துள் எவ்வண்டி மிகுந்த தூரம் ஓடும் என்று காண்பதே பெரும்பாலும் நெடும்பந்தயம். இவ்வகையில் தலைசிறந்து விளங்குவது பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிப் பந்தயமாம். அது 1923ஆம் ஆண்டு மே மாதம் 26, 27 தேதிகளில் முதன்முதல் நடைபெற்றது. 33 வண்டிகள் புறப்பட்டன. அவற்றுள் 30 வண்டிகள் இறுதிவரை ஓடின. லகாஷ், லெயோனார் என்னும் இருவர் செலுத்திய ஷெனார்-வால்கர் வண்டி 2,209 கிலோமீட்டர் ஓடி முதன்மை பெற்றது. இரவும் பகலும், மழையும் வெயிலும் பாராது ஓடும் வண்டியின் உறுதியையும், விளக்கு முதலிய உறுப்புக்களின் தரத்தையும் சோதித்தறிதலே அதனைத் தொடங்கியோர் நோக்கமாயிருந்தது. 2025ஆம் ஆண்டுப் பந்தயத்திலோ 62 வண்டிகள் மூன்று பிரிவுகளாகப் புறப்பட்டன. முதற் பரிசு பெற்ற ஃபெராரி வண்டி 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை 387 முறை சுற்றியது. அஃதாவது, 5,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் ஒரே நாளில் கடக்கப்பட்டது!

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012ஆம் ஆண்டில் லெ மான் பந்தயத்தில் ஓட்டினார். அவருடைய வண்டி ஆறாவது இடம் பெற்றது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணிப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் குழு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அது முதல் நம் இளைஞர் பலர் இப்பந்தயங்களைக் குறித்து ஆர்வத்தோடு பேசவும் வாதிக்கவும் தலைப்பட்டுள்ளனர். ஆகவே அவ்வாதத்தின் இயல்பை ஆராய்தல் நமக்கும் பொருந்தும்.

பத்திரிகைகள் இப்பந்தயத்தின்மீது சாட்டும் குற்றங்களுள் முதன்மையானவை மூன்று. முதலாவது, இது சலிப்பூட்டுவது. 24 மணி நேரம் ஒன்றனைக் கண்கொட்டாது காண எவராலும் இயலாது என்பது. இரண்டாவது, பெருஞ்செல்வம் படைத்த சில கம்பெனிகளே வெல்ல வல்லன. அவை விலகியபோது எஞ்சியது வெறும் காட்சியே என்பது. மூன்றாவது, வண்டிகளின் திறனை அதிகாரிகளே கூட்டியும் குறைத்தும் சமன்செய்வதால் வெற்றி உழைப்பின் பயனா, விதியின் பயனா என்று தெளியக்கூடவில்லை என்பது. இவற்றுக்கெல்லாம் அடியில், உயிருக்கு ஊறு விளைக்கும் விளையாட்டு இது என்னும் பழைய குற்றச்சாட்டும் உண்டு.

இவற்றைக் கேட்ட ரசிகர் கூறும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே. "பந்தயத்தை முழுதும் கண்டிராதவர், இரவில் ஒரு நாழிகையேனும் விழித்திராதவர், இதனைப் பற்றி எழுத உரிமையுடையரல்லர்" என்பர். அவர்தம் மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆண்டு முழுவதும் இப்பந்தயங்களுக்கு நான்கு வரி ஒதுக்காத பத்திரிகை, விபத்து நேர்ந்த மறுநாள் முதற்பக்கம் முழுவதையும் ஒதுக்குமாயின், அன்புடையார் நெஞ்சம் புண்படாதிருக்குமோ? குறும்பந்தயத்தை அளக்கும் கோலால் நெடும்பந்தயத்தை அளந்து, அது குட்டையாயிருக்கின்றதென்று தீர்ப்புக் கூறுதல் எங்ஙனம் முறையாகும்?

சலிப்பு என்னும் முதற் குற்றத்தை ஆராய்வோம். 1952ஆம் ஆண்டில் பியேர் லெவெக் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் துணைவருக்கு இடங்கொடாது, தாம் ஒருவராகவே டால்போ வண்டியை ஓட்டி முன்னணியில் நின்றார். முடிவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கையில் யந்திரம் முறிந்தது. வெற்றி மெர்ஸிடஸ் வண்டிக்குச் சென்றது. 2016ஆம் ஆண்டில் முன்னணியில் ஓடிய டொயோட்டா வண்டி, மூன்று நிமிடங்களே எஞ்சியிருந்தபோது ஆற்றலிழந்து தளர்ந்தது. போர்ஷே வண்டி அதனைக் கடந்து வென்றது. டொயோட்டா கடைசிச் சுற்றை எப்படியோ ஊர்ந்து முடித்தும், அச்சுற்றுக்குரிய கால எல்லையைத் தாண்டியமையால் வரிசையில் இடம்பெறவில்லை. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், ஒரு பகலும் ஓரிரவும் ஓடி முடித்த முதல் வண்டிக்கும் இரண்டாம் வண்டிக்கும் இருந்த இடைவெளி ஏறத்தாழ 14 விநாடிகளே. இவற்றைச் சலிப்பு என்று கூறுவார்க்கு நாம் விடையிறுக்க வேண்டுவதில்லை. உழவன் பயிரை நாள்தோறும் பார்ப்பதுபோல் இப்பந்தயத்தைப் பார்த்தல் வேண்டும். ஓட்டுநர் மூவர் மாறி மாறி அமர்வதும், சக்கரங்களை மாற்றுவோர் நள்ளிரவிலும் கைபிழையாது உழைப்பதும், எரிபொருளைக் கணக்கிடுவோர் கண்துயிலாதிருப்பதும் ஆகிய அனைத்துஞ் சேர்ந்தே இங்குப் பந்தயமாகின்றன. இவ்வளவில் ரசிகர் பக்கமே நியாயம் உள்ளதென்பது நம் துணிபு.

ஆனால் மற்றைக் குற்றச்சாட்டுக்களுக்கும் இதே மறுமொழியை இதே சினத்தோடு கூறுவது தகுமா? தகாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

2018ஆம் ஆண்டை நோக்குக. ஔடி 2016ஆம் ஆண்டின் இறுதியிலும், போர்ஷே 2017ஆம் ஆண்டின் இறுதியிலும் முதற் பிரிவினின்று விலகிவிட்டன. எஞ்சிய பெருங் கம்பெனி டொயோட்டா ஒன்றே. அதன் இரு வண்டிகளும் முதல் இரண்டு இடங்களைப் பெற்றன. மூன்றாவதாக வந்த வண்டி 12 சுற்றுக்கள் பின்தங்கியிருந்தது. எதிரியில்லாக் களத்தில் பெற்ற வெற்றி என்று எழுத்தாளர் பலர் கூறினர். 24 மணி நேரமே எதிரியன்றோ, ஈராண்டுக்கு முன் மூன்று நிமிடத்தில் அவ்வெதிரியிடம் தோற்றதை மறந்தீரோ என்று ரசிகர் வினவினர். அவ்வினா அழகியதே, ஆயினும் அது பாதி உண்மை. காலத்தை வெல்லுதல் அருஞ்செயலாயினும், பந்தயம் என்னும் பெயர்க்கு ஒப்பாரோடு பொருதலும் வேண்டும். செலவு வரம்பின்றி உயர்ந்தமையே கம்பெனிகள் விலகியதற்குப் பெருங்காரணம் என்பதைப் பந்தய அதிகாரிகளே உணர்ந்து விதிகளை மாற்றினர். 2021ஆம் ஆண்டில் புதிய முதற் பிரிவு ஏற்பட்டது. 2023ஆம் ஆண்டில் ஃபெராரி, போர்ஷே, காடிலாக், பூஜோ, டொயோட்டா முதலியன அப்பிரிவில் ஒருங்கே களம் புகுந்தன. ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் முதற் பிரிவுக்கு மீண்ட ஃபெராரி அவ்வாண்டே வென்றது. குறையைக் குறையென்று கொண்டமையாலன்றோ இந்நலம் விளைந்தது?

மூன்றாவது குற்றச்சாட்டு இதனினும் கருதத்தக்கது. வெவ்வேறு முறையில் அமைந்த வண்டிகள் ஒருங்கே போட்டியிட வேண்டுமாயின், அவற்றின் எடையையும் ஆற்றலையும் ஓரளவு சமன்செய்தல் இன்றியமையாதது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டில் லெ மான் பந்தயம் நெருங்கிய வேளையில் டொயோட்டா வண்டிக்கு 37 கிலோகிராமும், ஃபெராரி வண்டிக்கு 24 கிலோகிராமும் எடை கூட்டப்பட்டன. இது நியாயமா என்னும் வினா எங்கும் எழுந்தது. உலக நெடும்பந்தயப் போட்டியின் விதிகளோ, இச்சமன்பாட்டைக் குறித்துப் போட்டியாளர் பொதுவிடத்தில் கருத்துரைப்பதைத் தடைசெய்கின்றன. ஓட்டுநர் பேசலாகாது, குழுவின் தலைவர் பேசலாகாது, கம்பெனியும் பேசலாகாது. அவர்கள் வாய்மூடி நிற்குமிடத்துப் பேசுதற்கு எஞ்சியிருப்பவர் யாவர்? பத்திரிகையாளரும் ரசிகருமே யன்றோ! அவ்விருவருள் ஒருவர் மற்றவரை வாய்மூடச் சொல்லுதல் எத்துணைப் பேதைமை! தாம் விரும்பும் வண்டி வென்ற ஆண்டில் விதியைப் போற்றுவதும், தோற்ற ஆண்டில் அதே விதியைத் தூற்றுவதும் ரசிகர் பலரிடம் நாம் காணும் வழக்கம். வெற்றி தோல்வி கருதாது ஆண்டுதோறும் ஒரே வினாவை வினவும் எழுத்தாளர் அவர்க்கு நண்பரே யன்றிப் பகைவரல்லர்.

இனி உயிர் பற்றிய பழங் குற்றச்சாட்டுக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் மாலை, லெ மான் களத்தில் வண்டிகள் பழுதுபார்க்கும் இடத்தெதிரே ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. அவ்விடத்தில் ஓடும் வண்டிகளையும் நிற்க வரும் வண்டிகளையும் பிரிக்கும் தடுப்பு யாதுமில்லை, பாதையும் குறுகியது. ஹாதார்ன் தம் ஜாகுவார் வண்டியை நிறுத்துவதற்கு வேகந் தணித்தார். பின்வந்த மாக்லின் அதனின்று விலகினார். அவருக்கும் பின்னே பெருவேகத்தில் வந்த மெர்ஸிடஸ் வண்டி மாக்லினின் வண்டிமீது மோதி மேலெழுந்து சிதறிப் பார்வையாளர் கூட்டத்திற் பாய்ந்தது. அதனை ஓட்டியவர், மூன்றாண்டுக்கு முன் தனியொருவராய் ஓட்டித் தோற்ற அதே லெவெக். அவரோடு 80 பேருக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். பந்தயம் நிறுத்தப்படவில்லை. திரள் கலைந்தால் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு வழி அடைபடும் என்பது அதிகாரிகள் கூறிய காரணம். மெர்ஸிடஸ் நள்ளிரவுக்குப்பின் விலகிக்கொண்டது. ஹாதார்ன் குழு வென்றது.

அன்று பத்திரிகைகள் எழுதிய கடுமொழி கொஞ்சமன்று. அவற்றுள் ஒருவரையொருவர் பழித்தனவும் மிகைபடக் கூறியனவும் உண்டு. ஆயினும் அவற்றின் சாரம் மெய்யே: வேகம் வளர்ந்தது, களம் வளரவில்லை. அரசாங்க விசாரணையும் தனியொருவர்மீது பழி சுமத்தாது, களம் அவ்வேகத்துக்கு ஏற்றதன்று என்றே கண்டது. ஸ்விட்ஸர்லாந்து தேசம் சுற்றுப்பாதைப் பந்தயங்களைத் தடைசெய்தது. அத்தடை பல்லாண்டுகள் நீடித்தது. லெ மான் களத்தில் பழுதுபார்க்கும் இடம் இடித்துக் கட்டப்பெற்றது, பாதை அகலமாக்கப்பெற்றது. "பந்தயம் அறியாதார் பேச்சு" என்று அன்றைய அன்பர்கள் அக்கண்டனத்தைத் தள்ளியிருப்பின், இன்று போற்றுதற்கு ஒரு பந்தயம் இருந்திருக்குமோ என்பது ஐயமே.

கண்டனம் வெளியினின்றுதான் வரவேண்டுமென்பதில்லை. முற்காலத்தில் ஓட்டுநர் பாதையின் ஒரு புறமிருந்து மறுபுறம் ஓடிச்சென்று வண்டியில் தாவியேறிப் புறப்படுதல் லெ மான் வழக்கம். விரைவு கருதி இடைவாரைப் பூட்டாதே புறப்படுவோர் பலர். 1969ஆம் ஆண்டில் ஜாக்கி இக்ஸ் என்னும் இளைஞர், ஏனையோர் ஓடத் தாம் மட்டும் மெல்ல நடந்து சென்று, வாரைப் பூட்டிக்கொண்டு எல்லார்க்கும் பின்னே புறப்பட்டார். அம்முதற் சுற்றிலேயே, வாரைப் பூட்டாது சென்ற ஜான் வுல்ஃப் உயிரிழந்தார். மறுநாள் ஏறத்தாழ 120 மீட்டர் முந்தி வென்றவர் அந்த இக்ஸே! அடுத்த ஆண்டு அவ்வழக்கம் ஒழிந்தது. பந்தயத்தை அவரினும் மிகுதியாக நேசித்தவர் உளரோ? நேசித்தமையாலேயே அவர் நடந்தார்.

எல்லாக் கண்டனமும் ஏற்கத்தக்கது என்று நாம் கூறவந்தோமல்லேம். 2024ஆம் ஆண்டில் இரவு முழுதும் பெய்த மழையில் வண்டிகளைக் காவல் வண்டியின் பின்னே நான்கு மணி நேரத்துக்கு மேல் மெல்ல ஓடச்செய்தனர். பந்தயம் கெட்டது என்று முணுமுணுத்தோர் பத்திரிகையிலும் இருந்தனர், ரசிகரிடையேயும் இருந்தனர். 1955ஆம் ஆண்டை நினைவிற்கொண்டார் எவரும் அம்முணுமுணுப்பிற் சேரார். ஆகவே கண்டனத்தை எடைபோடுதற்குக் கோல் ஒன்று வேண்டும். அது கூறியவர் யார், அவர் நம்மவரா, இரவெல்லாம் விழித்தவரா என்பதன்று. கூறியது மெய்யா என்பதே அக்கோல்.

பத்திரிகையாளர்க்கும் நாம் கூறுவது ஒன்றுண்டு. விபத்து நாளில் மட்டும் வருபவரை வீட்டார் விருந்தினராகக் கொள்ளார். ஆண்டு முழுவதும் உடனிருந்து, நன்று நேர்ந்தவிடத்து நன்றென எழுதுபவர்க்கே தீதைத் தீதெனச் சொல்லும் உரிமை முழுமையாக வாய்க்கும். அவர் சொல் அப்போது சுடினும் மருந்தாகும்.

மாணவ நண்பர்களே! நம்முட் பலர் ஏதேனும் ஒரு விளையாட்டையோ, கலையையோ, சங்கத்தையோ உயிரெனப் போற்றுகின்றோம். அதனைக் குறைகூறுவோன் வாயை அடைத்தல் எளிது. அவன் கூற்றை ஆராய்ந்து, பொய்யெனில் சான்று காட்டி மறுத்து, மெய்யெனில் ஏற்றுத் திருந்துதல் அரிது. நெடும்பந்தயம் வேகத்தோடு பொறுமையையும் கற்பிப்பது என்பர் அதன் அன்பர். ஓட்டுநரிடமும் யந்திரத்திடமும் அவர்கள் எதிர்பார்க்கும் அப்பொறுமையில் ஒரு சிறு பங்கைத் தம்மைக் குறைகூறுவார் மொழியைக் கேட்பதிலும் அவர்கள் காட்டுவாராயின், அப்பந்தயம் இன்னும் ஒரு நூற்றாண்டு நடைபெறும் என்பதில் நமக்கு ஐயமில்லை.