பொருத்துவது நாம், உரிமை எவருக்கு?

தென்னேரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசிகள் உருவாகி உலகச் சந்தைக்குச் செல்கின்றன. ஒரே அலைவரிசையில் பல ஆன்டெனாக்கள் வழியே வெவ்வேறு தரவுகளை ஒரே நேரத்தில் அனுப்பும் ‘மைமோ’ நுட்பமே இன்றைய 4ஜி, 5ஜி சேவைகளின் வேகத்துக்கு ஆதாரம். அதன் முன்னோடி, பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்தபோதே 1973இல் டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால், 1992இல் தாமஸ் கைலாத்துடன் இணைந்து அவர் விண்ணப்பித்த காப்புரிமை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிற்று.

நெய்பவருக்குக் கூலி, விற்பவருக்கு லாபம் என்பதைப் பட்டுத் தறிகள் நமக்கு முன்பே உணர்த்தியுள்ளன. கைப்பேசியிலும் பாகங்களைப் பொருத்துபவருக்குக் கூலி; கண்டுபிடிப்பின் உரிமையாளருக்கே உரிமத்தொகை. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் வலியுறுத்துகிறேன்: ஆலைகளுக்கு ஊக்கத்தொகை வழங்கும் அரசு, உடனடிப் பலன் எதிர்பாராமல் நம் ஆய்வகங்களுக்கும் வழங்க வேண்டும்.