மலையில் இருப்பதா, சமவெளிக்கு இறங்குவதா?



உதகையில் உறைபனிக் காலம் நெருங்கி வருகிறது. இன்னும் சில வாரங்களில், மேகமற்ற இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளினின்று இறங்கித் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். விடியும் வேளையில் தாவரவியல் பூங்காவின் புல்வெளி சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வருவோர் அதனைக் கண்டு மகிழ்ந்து, படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் இறங்கிச் சென்றுவிடுவர். இங்கேயே வாழும் முதியோர்க்கோ அந்த விடியற்காலையைக் கடப்பதே பெரும்பாடு. மலையிலேயே இருப்பதா, சமவெளிக்கு இறங்கிவிடுவதா என்னும் கேள்வி ஆண்டுதோறும் இப்பருவத்தில்தான் பல இல்லங்களில் எழுகிறது.

இவ்வாண்டு அக்கேள்வி நம் வீட்டிற்குள்ளும் நுழைந்துவிட்டது. பிறர் வீட்டுச் சிக்கலுக்கு வழி சொல்வது எளிது. தன் வீட்டுச் சிக்கல் என்று வரும்போதுதான் அறிவு தடுமாறுகிறது. ஆகவே இம்முறை நம் வீட்டில் நடந்ததையே, நாம் செய்த தவற்றையும் மறைக்காமல், எழுத முனைகிறோம்.

நமக்கு வயது எழுபத்திரண்டு; நம் மனைவியாருக்கு அறுபத்தெட்டு. பணியின் பொருட்டு இளமையில் மலையேறி வந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கடந்த இரு குளிர்காலங்களாக மனைவியாருக்கு மூச்சிரைப்பு மிகுந்துவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இரு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டு மூச்சுக்காகப் போராடுவார். நாம் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு அருகில் நிற்போம்; வேறு என்ன செய்வதென்று தெரியாது. கோவையில் வாழும் நம் மகன் இதனைக் கேள்வியுற்று, "அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுங்கள். கீழே ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம்" என்றான். நாமும் "சரி" என்று வாக்களித்துவிட்டோம். வீட்டை விற்பதற்கு ஒரு தரகரிடமும் பேசிவிட்டோம். எல்லாம் முடிந்தபின் மனைவியாரிடம் செய்தியைச் சொன்னோம். அவர் கையிலிருந்த காய்கறியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரையும் கேட்டீர்கள். என்னைக் கேட்டீர்களா?" என்றார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. அவருடைய நலத்திற்காகத்தானே செய்தோம் என்று மனம் முதலில் வாதாடியது. ஆயினும் அவர் நலத்தைப் பற்றி அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசியிருந்தோம் என்பதே உண்மை. தரகரைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, இருவருமாக அமர்ந்து தொடக்கத்திலிருந்து எண்ணிப் பார்க்கலானோம்.

முதலில் குளிரைப் பற்றி நாம் அறிந்தவற்றைச் சொல்வோம். உதகை கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோவை ஏறத்தாழ 410 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறு பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. எனவே மூன்று மணி நேரப் பயணத்தில் பத்துப் பன்னிரண்டு பாகை மாறிவிடுகிறது. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்ந்த உலர்காற்று மூச்சுக் குழாயையும் இறுக்குகிறது.

இவற்றைக் கம்பளியாலும் வெந்நீராலும் ஓரளவு தடுக்கலாம். கம்பளியால் தடுக்க இயலாதது ஒன்றுண்டு, அதுவே உயரம். இம்மலையில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரை ஊரில் கிடைப்பதைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கு இது ஒரு பொருட்டன்று. நலிந்த நுரையீரலுக்கோ இது பெருஞ்சுமை. ஆகவே குளிர்தான் வருத்துகிறதா, உயரமும் சேர்ந்து வருத்துகிறதா என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. குளிருக்கு அஞ்சி அறையின் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் கரி நெருப்பு இட்ட கணப்புச் சட்டியை உள்ளே வைத்து உறங்குவோர் இன்னும் இருக்கின்றனர். அக்கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியவர் உறக்கத்திலேயே மாண்டுபோகின்றனர். கணப்பை மூடிய அறையில் வைத்து உறங்கவே கூடாது.

இனி வெயிலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமவெளிக்கு இறங்கிவிட்டால் நோயெல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. முதுமையில் தாக உணர்ச்சி மங்கிவிடும். உடல் வியர்த்துத் தன்னைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலும் குறையும். பங்குனி, சித்திரை வெயிலில் முதியோர் தம்மை அறியாமலேயே நீர் வற்றித் தளர்ந்துவிடுவர். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போருக்கு இடர் இன்னும் மிகுதி. குளிருள்ள ஊரில் கொடுத்த இரத்த அழுத்த மருந்தின் அளவு வெப்பமான ஊரில் கூடுதலாகிவிடவும் கூடும். அதனை மருத்துவர்தாம் மாற்ற வேண்டும், தாமாக நிறுத்துவது தகாது. டெங்குவைப் பரப்பும் கொசுவும் கீழேதான் மிகுதி. குளிரில் மூட்டுவலி மிகுவதாகப் பலர் உணர்கின்றனர்; எனினும் வெப்பமான ஊருக்குச் சென்றதனால் தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடாது.

இவ்வூரின் வரலாறே இதற்கு ஒரு சான்று. 1819-ஆம் ஆண்டில் கோவை ஆட்சித் தலைவராயிருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தார். அதன்பின் சமவெளியின் வெயிலில் நலிந்த ஆங்கிலேயர் உடல் தேறுவதற்காகவே உதகை வளர்க்கப்பட்டது. மலை இரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. அன்று வெயிலுக்கு அஞ்சி ஏறினர். இன்று குளிருக்கு அஞ்சி இறங்குகிறோம். எல்லா வயதிற்கும் எல்லா நோய்க்கும் ஏற்ற ஊர் என்று ஒன்று இல்லை.

இக்கேள்வி நம்மைப் போன்று ஓய்வூதியம் பெறுவோர்க்கு மட்டும் உரியதன்று. 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்தினின்று அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் பலர் இம்மாவட்டத்தில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு இங்குத் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அன்று இளமையில் வந்தவர்கள் இன்று ஓய்வு பெறும் வயதைக் கடந்துவிட்டனர். பணி முடிந்தால் லயன் வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதே தோட்டங்களின் வழக்கம். பிள்ளைகள் பலர் திருப்பூர் பனியன் தொழிற்சாலைகளுக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டனர். குளிருக்கே பழகிய உடலோடு, அங்கே தகரக் கூரையின் கீழ் ஒற்றை அறையில் பேரப்பிள்ளைகளோடு ஒடுங்குவதா, இங்கே வாடகைக்கு ஓர் அறை பிடித்துத் தனித்திருப்பதா என்று அவர்கள் தத்தளிக்கின்றனர். ஒரு நாட்டை விட்டு ஒரு முறை பெயர்ந்த குடும்பத்தாரிடம் மறுமுறையும் பெயருங்கள் என்று சொல்லும்போது நம் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்க வேண்டும்.

மீண்டும் நம் வீட்டிற்கு வருவோம். இறங்க விரும்பாத காரணம் என்ன என்று மனைவியாரைக் கேட்டோம். முதலில், "அங்கே மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். பகலெல்லாம் நான் யாரோடு பேசுவேன்? இங்கே மூச்சு முட்டினால் சுவரைத் தட்டினால் போதும், அடுத்த வீட்டு அக்காள் வந்துவிடுவார்" என்றார். சிறிது நேரம் சென்று, "நம் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு எப்படி இறங்குவது?" என்றார்.

நம் மூத்த மகள் நான்கு வயதில் காய்ச்சலில் இறந்தாள். பங்கின் கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்து நாற்பது ஆண்டுகளாகின்றன. ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் அச்சிறு கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுபவர் அவரே. நாம் உடன் செல்வோம். ஆனால் அவளைப் பற்றி நாம் பேசி எவ்வளவோ காலமாயிற்று. வீட்டை விற்கத் தரகரிடம் பேசியபோது அக்கல்லறை நம் நினைவிற்கு வரவே இல்லை. இதனை எழுதுவதற்கு நாணுகிறோம்.

விவிலியத்தில் இரு முதியோரைக் காண்கிறோம். ஆபிரகாம் காரான் நகரைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு எழுபத்தைந்து வயது. தெரியாத நாட்டிற்குத் துணிந்து புறப்பட்டார். மற்றொருவர் கிலயாதியரான பர்சில்லாய். தாவீது அரசர் தம் மகனுக்கு அஞ்சி ஓடியபோது உணவளித்துக் காத்தவர். நன்றி மறவாத அரசர் அவரை எருசலேமுக்கு அழைத்து, உடன் வைத்துப் பேண விரும்பினார். பர்சில்லாயோ, தமக்கு வயது எண்பதாயிற்று என்றும், தம் தாய் தந்தையரின் கல்லறை இருக்கும் ஊரிலேயே இறக்க விரும்புவதாகவும் சொல்லி விடைபெற்றார். அரசர் வற்புறுத்தவில்லை, முத்தமிட்டு, ஆசி கூறி அனுப்பினார். புறப்பட்டவரும் இறைவனுக்கு உகந்தவர், போகாதவரும் குற்றவாளியல்லர். அரசர் தம் அன்பைக் கட்டளையாக்காது, அம்முதியவரின் விடையைக் கேட்டு அதன்படி நடந்தார். நாம் அதனைச் செய்யத் தவறினோம்.

பின்னர் இருவருமாக மருத்துவரிடம் சென்றோம். இளமையிலிருந்து விறகடுப்புப் புகையை உட்கொண்டதால் மனைவியாரின் நுரையீரல் நலிந்திருக்கிறது என்றார் அவர். நடந்த சேதத்தை மாற்ற இயலாது. ஆனால் உறிஞ்சும் மருந்தை ஒழுங்காக எடுத்தும், ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டும், குளிர்காலத்தைக் கீழே கழித்தும் வந்தால், மற்ற மாதங்களில் இப்போதைக்கு இங்கு இருக்கலாம் என்றார். "இப்போதைக்கு" என்னும் சொல்லை அவர் அழுத்திச் சொன்னதை இருவருமே கேட்டோம். திரும்பும் வழியில் மனைவியார், "மூச்சிரைப்பு எனக்கு, பயப்படுவது நீங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அதுவும் உண்மையே. அந்த நான்கு மணி நேரத்து அச்சத்தினின்று நாம் தப்பிக்க விரும்பியதையும் அவர் நலம் என்றே பெயரிட்டிருந்தோம்.

முடிவு இதுதான். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, மறுநாள் கோவைக்கு இறங்குவோம். பிப்ரவரி முடிய அங்கிருந்து, வெயில் ஏறுமுன் திரும்புவோம். வீட்டை விற்கப்போவதில்லை, சாவி அடுத்த வீட்டு அக்காளிடம் இருக்கும். பகலில் மனைவியார் தனித்திராதபடி, மகன் வீட்டருகே உள்ள பங்குக் கோவிலுக்கு நடந்து செல்லும் தொலைவையும் அளந்து வந்துவிட்டோம். என்றேனும் மருத்துவர் முழுவதும் இறங்கவேண்டும் என்று சொன்னால் இறங்குவதாக மனைவியாரே ஒப்புக்கொண்டார். ஆண்டிற்கொருமுறை நவம்பர் 2-இல் தம்மை மேலே அழைத்து வரவேண்டும் என்பதே அவர் கேட்டது. மகன் வாக்களித்திருக்கிறான்.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். இடம் பெயர வேண்டியவர் முதியவராயின், முதற்கேள்வியை அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் முதற்காரணத்தோடு நின்றுவிடாமல், இரண்டாவது காரணம் வரும்வரை பொறுத்திருங்கள். நோயின் தன்மையை மருத்துவரிடம் அவரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்டறியுங்கள். புதிய ஊரில் ஒரு குளிரும் ஒரு கோடையும் கழியுமுன் பழைய வீட்டை விற்காதீர்கள். அங்கே அறை இருக்கிறதா என்பதோடு, பகலில் ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு இடத்தில் இருப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே மலைப் பங்குகளில் வாழும் இளையோரே, உறைபனி விழும் காலைகளில் உங்கள் தெருவில் தனித்திருக்கும் முதியவரின் கதவை ஒரு முறை தட்டிப் பாருங்கள். சமவெளிப் பங்குகளில் வாழ்வோரே, மலையினின்று இறங்கி வந்த ஒரு பாட்டி உங்கள் கோவிலின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தால், திருப்பலி முடிந்ததும் எந்த ஊர் என்று விசாரியுங்கள். வரும் ஞாயிறுகளில் நம் மனைவியாரும் அவ்வாறு ஒரு கடைசி இருக்கையில்தான் அமர்ந்திருப்பார்.