பக்கத்துத் தெரு நாயகர்கள்

1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் பெயர் நிலைத்தது, நியாயம்தான். ஆனால், கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிய இளம் தொண்டர்களை யார் எழுதிவைத்தார்கள்?

2018 கஜா புயலுக்குப் பின் கொத்தமங்கலம், கீரமங்கலம் பகுதிகளில் கைக்காசு போட்டுக் குளம் தூர்வாரிய இளைஞர்களுக்கும் அதே கதி நேரக் கூடாது. இத்தகையவர்களைப் பற்றி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எழுத்துப் போட்டி நடத்தக் கல்வித் துறை முன்வர வேண்டும். இணையத்தில் எடுத்து ஒட்டியதற்குப் பரிசு கூடாது. நேரில் பார்த்து, கேட்டு எழுதியதற்கே தர வேண்டும். தேர்வானவற்றை நூலாக்கி, ஊர்ப்புற நூலகங்கள்தோறும் வைக்கலாம். பெரிய செலவில்லை; மனம்தான் வேண்டும்.