மருந்துக்கு வெயில் ஆகாது

மஞ்சள் கறை படிந்த வேட்டியைத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் கறை மங்கிவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் ஒளிபட்டுச் சிதைவதே அதற்குக் காரணம். மருந்துகள் சிலவற்றுக்கும் இதே கதிதான். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நிஃபெடிபின், நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டோருக்கு ஊசியாகப் போடப்படும் மெத்தில்கோபாலமின் ஆகியவை ஒளியில் விரைந்து கெடுபவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நைட்ரோபுருசைடு ஏற்றும்போது பாட்டிலை அலுமினியத் தாளால் சுற்றிவைக்கிறோம். ஒளிபட்டால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக உறவினர் எவரும் அந்தத் தாளை விலக்க வேண்டா.

இத்தகைய பொருள்களை உலோக நுண்துகள்களால் காக்க முடியுமா என்று ஆய்வுக்கூடங்களில் ஆராய்கிறார்கள். ஒளியை உட்கொண்டு கிளர்ந்த மூலக்கூறு, ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடையுமுன், அருகிலுள்ள தங்கத் துகளிடம் தன் ஆற்றலை ஒப்படைத்து அமைதியடைகிறது. துகள் அதனை வெப்பமாக்கி விட்டுவிடுகிறது. அழகான ஏற்பாடுதான். ஆயினும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மாறினாலே, அதே துகள் ஒளியைக் குவித்துச் சிதைவை விரைவுபடுத்தவும் கூடும். அடையாற்றை ஒட்டிய ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் முறையை உருவாக்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் வடிகட்டியிலேயே தங்கிவிடும் துகள் வேறு. மருந்தோடு குருதியில் நுழைந்து கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும் துகள் வேறு. வெள்ளித் துகள் கலந்த நீரை நெடுங்காலம் அருந்தியோருக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, அது மாறாமலே நின்றுவிட்டதுண்டு. எனவே 'நானோ' என்ற சொல்லைக் கண்டு எதையும் வாங்கி உட்கொள்ளாதீர்கள்.

இன்று நமக்கு உறுதியான காவல் எளிய பொருள்களே: பழுப்புக் கண்ணாடி, அலுமினிய அட்டை, மாத்திரையின் மேற்பூச்சிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு. இந்த டைட்டானியத்தை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடைசெய்தது. தகுந்த மாற்று இல்லாமையால் மருந்துகளில் தொடர அனுமதித்தது.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தனித்து வாழும் முதியோர் வீடுகளில், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஏழு அறை பிளாஸ்டிக் டப்பா சன்னலோரத்தில் இருக்கிறது. ஞாயிறன்று அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட மாத்திரை சனிக்கிழமை வரை வெளிச்சத்தில் கிடக்கிறது. மறதிக்கு அந்த டப்பா நல்ல துணை. அதைத் தூக்கியெறியச் சொல்லமாட்டோம். ஒளியில் கெடும் மாத்திரைக்கு மட்டும் டப்பாவில் ஒரு துண்டுச்சீட்டை வைத்துவிட்டு, மாத்திரையை அட்டையிலேயே விட்டு அலமாரிக்குள் வையுங்கள். அட்டையோடு கத்தரித்துப் போடுவதும் வேண்டா. பார்வை மங்கியவர்கள் அதையும் சேர்த்து விழுங்கிவிடுவதுண்டு.

'ஒளி படாமல் வைக்கவும்' என்னும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அட்டையைப் பாதியாக வெட்டித் தரும்போது அதுவும் போய்விடுகிறது. அத்தகைய மருந்துகளின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுச்சீட்டு ஒட்டித் தருவதை மருந்துக்கடைகள் வழக்கமாக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கு ஆகும் செலவு சில காசுகளே.